ஜெயித்தபோது குடித்தார்... தோற்றபோது குடிக்கவில்லை!

கால்பந்தில் கோல் போடுகிறவருக்குத்தான் மாலை, மரியாதை எல்லாம். கோல் விழாமல் தடுக்கிற தடுப்பாட்டக்காரரை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால், லண்டனில் ஆர்சனல் கிளப் மைதானத்துக்கு வெளியே 2011-ல் ஒரு தடுப்பாட்டக்காரருக்குச் சிலை வைத்தார்கள். அவர் பெயர் டோனி ஆடம்ஸ்.

'ஹெல்த் பத்திரிகையில் ஃபுட்பால் எதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இவருடைய கதை மைதானத்தைவிட நம் வீடுகளுக்குத்தான் அதிகம் தேவை.

1983 நவம்பரில், 17 வயதில் ஆர்சனல் அணியில் காலடி வைத்தார். 21 வயதில் கேப்டன்! 2002-ல் ஓய்வு பெறும் வரை வேறு கிளப்புக்கு மாறவே இல்லை. 1989, 1991, 1998, 2002 என்று நான்கு முறை லீக் சாம்பியன் பட்டம். இங்கிலாந்து நாட்டு அணிக்காக 66 ஆட்டங்கள்.

கேட்கவே பிரமிப்பாக இருக்கிறது, இல்லையா? இனி, இதன் மறுபக்கத்தைப் பார்ப்போம்.

ஒரு கையில் வெற்றிக் கோப்பை, மறு கையில் மதுக் கோப்பை!

அந்தக் காலத்து இங்கிலாந்து கால்பந்தில் ஆட்டம் முடிந்ததும் குடிப்பது ஒரு சம்பிரதாயம் மாதிரி. எல்லோரும் குடித்தார்கள். ஆடம்ஸால் மட்டும் நிறுத்த முடியவில்லை.

1990 மே மாதம், சட்டம் அனுமதித்ததைப் போலச் சுமார் நான்கு மடங்கு போதையில் கார் ஓட்டி, ஒரு வீட்டுச் சுவரில் மோதினார். டிசம்பரில் நான்கு மாத ஜெயில் தண்டனை. அதில் பாதி நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். வந்த பிறகாவது திருந்தினாரா? இல்லை. 1993-ல் ஒரு இரவு விடுதியில் மாடிப்படியில் விழுந்து, நெற்றியில் 29 தையல்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அவர் ஜெயிலுக்குப் போன அதே சீசனில்தான் ஆர்சனல் ஒரே ஒரு லீக் ஆட்டத்தில் மட்டும் தோற்று சாம்பியன் ஆனது. கோப்பையும் அவர் கைக்கே வந்தது. 'ஆட்டம் நல்லாத்தானே ஆடறார், அப்புறம் என்ன?' என்று ஊரே சமாதானம் சொல்லிக்கொண்டது.

நம் வீடுகளிலும் இதே பேச்சுதான். 'அவர் ஆபீசுக்கு ஒழுங்கா போறார், சம்பளத்தைக் கரெக்டா கொடுத்துடறார்... சாயங்காலம் கொஞ்சம் சாப்பிடுவார், அவ்வளவுதான்.' வேலை ஒழுங்காக நடப்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. வெளியில் எல்லாம் சரியாகத் தெரிகிற அந்த வருஷங்களில்தான் கல்லீரல் சத்தம் போடாமல் கெடுகிறது.

'நினைச்சா நிறுத்திடுவேன்!'

1996-ல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி இங்கிலாந்தில் நடந்தது. ஆடம்ஸ் கேப்டன். போட்டி முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். அரையிறுதியில் ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றார்கள். அன்றைக்கு ஆரம்பித்த குடி வாரக்கணக்கில் ஓடியது. சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும்வரை தொடாமல் இருந்து, கழற்றிய அன்றே பாட்டிலைத் திறப்பவர்களை நாம் பார்த்ததில்லையா?

அந்த ஆகஸ்டில்தான் அவர் கடைசியாகக் குடித்தது. செப்டம்பரில், 'நான் ஒரு குடிநோயாளி' என்று வெளிப்படையாகச் சொன்னார். தன்னைப் போன்றவர்கள் கூடிப் பேசும் கூட்டங்களுக்குப் போனார். பயிற்சி முடிந்த பிறகு வெறுமையாகக் கிடந்த நேரத்தில் பியானோ கற்றுக்கொண்டார், படித்தார்.

சரியாக அந்தச் சமயம் ஆர்சனலுக்குப் பயிற்சியாளராக வந்தவர் ஆர்சன் வெங்கர். பிரான்சில் அவருடைய பெற்றோர் நடத்தியதே ஒரு மது விடுதிதான்! குடி மனிதனை என்ன செய்யும் என்று சின்ன வயதிலேயே பார்த்தவர். அவர் வந்ததும் சாப்பாடு மாறியது. வேகவைத்த காய்கறி, மீன், கோழி வந்தன, சாக்லேட் போனது. 'எங்க சாக்லேட்டைக் கொடுங்க' என்று வீரர்கள் பஸ்ஸில் பாட்டே பாடினார்களாம்! ஆடம்ஸ் மேலும் ஆறு சீசன் ஆடி, இன்னும் இரண்டு லீக் பட்டங்கள் வாங்கினார்.

தோல்வி சோதித்த காலம்

ஆட்டக்காரர் பயிற்சியாளர் ஆனார். ஆனால், அங்கே அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. 2003-ல் பொறுப்பேற்ற வைகோம்ப் அணி, அந்த சீசனில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. போர்ட்ஸ்மவுத்தில் துணைப் பயிற்சியாளராக 2008-ல் எஃப்.ஏ. கோப்பையைப் பார்த்தார். அதே வருஷம் தலைமைப் பொறுப்பு வந்தது. நான்கே மாதத்தில் போனது. பிறகு அஜர்பைஜானில் கபாலா அணி. 2017-ல் ஸ்பெயினில் கிரனாடா அணி. அங்கே ஏழு ஆட்டம், ஏழும் தோல்வி!

சாதாரணமாக இப்படி ஒரு அடி விழுந்தால் மனுஷன் எங்கே போவான்? ஆடம்ஸ் போகவில்லை. ஜெயித்த நாட்களில் குடித்தவர், தோற்ற நாட்களில் குடிக்கவில்லை. என்னைக் கேட்டால், அவர் வாங்கிய கோப்பைகளைவிட இதுதான் பெரிது. 2000-ல் விளையாட்டு வீரர்களை அடிமைப் பழக்கங்களிலிருந்து மீட்பதற்காக 'ஸ்போர்ட்டிங் சான்ஸ்' என்ற அமைப்பையும் ஆரம்பித்தார். அவர் பயிற்சியாளராக உண்மையில் ஜெயித்த இடம் அதுதான்.

ரகசிய மருந்து உண்டா?

'டாக்டர், அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுக்க ஏதாவது சூரணம் இருந்தா கொடுங்களேன்...' என்று கேட்டு வருகிற சகோதரிகள் ஏராளம். அவர்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால், அப்படி ஒரு மருந்து எங்களிடம் கிடையாது. இருப்பதாக விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்றே தெரியாத பொடி, ஏற்கெனவே கெட்டிருக்கும் ஈரலுக்கு இன்னொரு அடி.

சித்த மருத்துவம் இதைக் 'குடிவெறி நோய்' என்றே சொல்கிறது. நோய் என்றால் நோயாளி தெரிந்தேதான் சிகிச்சைக்கு வர வேண்டும்.

இவற்றை மனதில் வையுங்கள்:

* பல வருஷமாகத் தினமும் அதிகமாகக் குடித்தவரை, 'இன்னிலேர்ந்து தொடாதே' என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். கை நடுக்கம், வலிப்பு, மனக் குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

* 'காலையில ஓடி வேர்வை விட்டா இறங்கிடும்' என்பது பொய். குடித்ததில் பெரும்பகுதியைக் கல்லீரல்தான் மெதுவாகக் கரைத்தாக வேண்டும்.

* கீழாநெல்லி சாப்பிட்டுக்கொண்டே குடிப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல.

* போதையில் இருக்கும்போது சண்டை போடாதீர்கள். தெளிந்திருக்கும் காலை வேளையில் பேசுங்கள்.

* அவர் செய்ததை மூடி மறைக்காதீர்கள். 'காய்ச்சல்' என்று ஆபீசுக்கு நீங்கள் போன் செய்யும்வரை அவருக்கு நோய் தெரியாது.

* குடியை விட்டவருக்குச் சாயங்கால நேரம்தான் கண்டம். நடை, கோயில், பிள்ளைகளுக்குப் பாடம் என்று ஏதாவது ஒன்றால் அந்த நேரத்தை நிரப்புங்கள்.

நாடே கொண்டாடிய கேப்டன், 'எனக்கு நோய்' என்று சொல்ல வெட்கப்படவில்லை. நம் வீட்டுக்காரர் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?