தாயைத் தெரியும், தகப்பனைத் தெரியாது

பழைய கல்யாணப் பத்திரிகையின் உறையைக் கிழித்து மடித்த பொட்டலம் அது. மேலே நீல மையில் ‘மஞ்சள் அந்திமந்தாரை, மாசி’ என்று எழுதியிருந்தது. உள்ளே மிளகு போல 12 விதைகள். எதிர்வீட்டு மொட்டைமாடியில் தொட்டி தொட்டியாகச் செடி வளர்க்கும் பெரியம்மா கொடுத்தது. “சுத்த மஞ்சள். வேற நிறமே வராது. எங்க மாமியார் கொல்லையிலேர்ந்து வந்த விதை” என்று சொல்லித்தான் கொடுத்தார். பதிலுக்கு என்னிடமிருந்து ஒரு கைப்பிடி சங்குப்பூ விதை போனது.

ஆடியில் ஊன்றினேன். புரட்டாசியில் பூத்தபோது, பிழைத்த 11 செடிகளில் எட்டு மஞ்சள். இரண்டு, செங்கல்லுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஒரு நிறம். கடைசிச் செடிதான் வேடிக்கை. மஞ்சள் பூவின் மேல் யாரோ குங்குமக் கரைசலைத் தொட்டு உதறியது போலச் சிவப்புக் கோடுகள்.

பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “என் மாடியில சிவப்பே கிடையாதேம்மா!” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வீடு தள்ளி, காம்பவுண்டுச் சுவரோரம் யாரும் வைக்காமலே மண்டிக் கிடக்கும் அந்திமந்தாரைப் புதரில் சிவப்பு உண்டு, கோடு போட்டதும் உண்டு. விதை வாங்கும்போது நமக்குக் கிடைப்பது தாயின் முகவரி மட்டும்தான். தகப்பன் யாரென்று கொடுக்கிறவருக்கே தெரியாது. பூ விதை சேகரிப்பதில் உள்ள சுவாரசியம், ஏமாற்றம் இரண்டுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்திமந்தாரை சாயங்காலம் நாலு மணி வாக்கில் விரியும், காலையில் சுருங்கிவிடும். இரவில் அதற்கு விருந்தாளிகள், நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சிகள். அவை தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பறந்து தேன் குடிக்கும். காம்பவுண்டுச் சுவரெல்லாம் அவற்றுக்கு ஒரு கணக்கே இல்லை. ஒரு பூச்சியும் வராவிட்டாலும் செடி சும்மா இருப்பதில்லை. பூ வாடிச் சுருளும்போது மகரந்தத் தாள்களும் சூல்தண்டும் சேர்ந்து சுருண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டு விதை பிடிக்கும். என் தொட்டியில் எட்டு மஞ்சள் வந்ததற்கு அனேகமாக இதுவே காரணம். மற்ற மூன்றும் பூச்சி கொண்டுவந்த சம்பந்தம்.

இந்தச் செடியின் பூ ஒன்றுக்கு ஒரே சூல், ஒரே விதை. அதனால்தான் பட்டாணி ஆராய்ச்சிக்காக உலகம் அறிந்த கிரிகோர் மெண்டல் இதையும் தேடிப் போனார். ஒரு விதை உண்டாக ஒரு மகரந்தத் துகள் போதுமா, பல துகள் வேண்டுமா என்று அன்று வழக்கு இருந்தது. பல வேண்டும் என்ற பக்கம் டார்வினும் இருந்தார். மெண்டல் ஒற்றைத் துகளை எடுத்து அந்திமந்தாரையின் சூல்முடியில் வைத்தார். நல்ல விதை பிடித்தது. இந்தச் சேதியை அவர் கடிதத்தில் எழுதி அனுப்பியது கார்ல் நேகெலி என்ற தாவரவியல் அறிஞருக்கு. நேகெலி மெண்டலின் பட்டாணிக் கணக்கைப் பெரிதாக மதிக்கவில்லை. அதே நேகெலியிடம் படித்து, அவர் குடும்பத்திலேயே பெண்ணும் எடுத்த கார்ல் காரென்ஸ்தான் 1900-ல் மெண்டலின் விதிகளை மீண்டும் கண்டெடுத்தவர்களில் ஒருவர். சரித்திரத்துக்கும் குசும்பு உண்டு.

காரென்ஸ் பிடித்துக்கொண்டதும் அந்திமந்தாரையைத்தான். சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்தால் பிள்ளைகள் எல்லாம் இளஞ்சிவப்பு. அந்த இளஞ்சிவப்பைத் தன்னோடு தானே சேரவிட்டால் பேரப்பிள்ளைகளில் நாலுக்கு ஒன்று சிவப்பு, இரண்டு இளஞ்சிவப்பு, ஒன்று வெள்ளை. பிளஸ் டூ தாவரவியலில் ‘முழுமையற்ற ஓங்குத்தன்மை’ என்று மனப்பாடம் செய்து மறந்துபோனோமே, அது இந்தக் கொல்லைப்புறச் செடியின் கதைதான்.

1909-ல் அவர் வெளியிட்டது இதைவிட விசித்திரமானது. சில அந்திமந்தாரைச் செடிகளில் ஒரு கிளை முழுப் பச்சை, ஒரு கிளை வெளிர், இன்னொன்று இரண்டும் கலந்த புள்ளி இலை. பச்சைக் கிளைப் பூவின் விதையில் பச்சைச் செடி வந்தது. வெளிர் கிளையின் விதையில் வெளிறிய நாற்று வந்து, உணவு தயாரிக்க வழியில்லாமல் செத்தது. கலப்புக் கிளையிலிருந்து மூன்றும் வந்தன. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் முடிவு மாறவில்லை. பூ நிறத்தில் பாதிப் பங்கு கேட்கும் தகப்பனுக்கு இலையின் பச்சையில் பங்கே இல்லை! பசுங்கணிகங்கள் தாயின் சூல் வழியாகவே பிள்ளைக்குப் போகின்றன. அவற்றுக்குத் தனியாக டி.என்.ஏ. இருப்பது பிற்பாடு, 1960-களில்தான் உறுதியானது. ஆக, புள்ளி இலைக்காக விதை வாங்குகிறவர்கள் எந்தச் செடி என்று கேட்டால் போதாது, எந்தக் கிளை என்று கேட்க வேண்டும்.

இதைச் சொன்னதும் பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தியா, பச்சைப் பிள்ளை பொறுப்பு பூரா அம்மாவுக்குத்தான்!”

என் கோடு போட்ட பூவுக்குக் காரணம் வேறு. சிவப்புச் சாயத்தை உண்டாக்கும் மரபணுவின் நடுவே, இடம் விட்டு இடம் தாவும் ஒரு டி.என்.ஏ. துண்டு போய் உட்கார்ந்துகொள்கிறது. சாயப்பட்டறை மூடிவிடும், பூ மஞ்சளாக இருக்கும். பூ வளர்கிறபோது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு கழன்று போனால், அந்தச் செல்லின் வாரிசுகள் மட்டும் சிவக்கும். அதுவே கோடு. அந்தச் சாயமும் சாதாரணமானது அல்ல, பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாலெயின் வகை. பெரும்பாலான பூக்களுக்கு நிறம் தருவது ஆந்தோசயனின் என்ற வேறு சாயம். இரண்டும் சேர்ந்திருக்கும் செடியை இயற்கையில் இதுவரை பார்த்ததில்லை. அந்திமந்தாரை, வாடாமல்லி, கோழிக்கொண்டை, டேபிள் ரோஸ், காகிதப்பூ என்று நம் வீட்டு வாசல் கூட்டத்தில் பாதி, பீட்ரூட் பங்காளிகள்தான்.

செண்டுமல்லிக்கு வருவோம். மாடித்தோட்டக்காரர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். “பந்து மாதிரி அடுக்குப் பூ, அதோட விதையைத்தான் போட்டேன், ஒத்தைப் பூவா வருது.” கடையில் வாங்கிய செடி பெரும்பாலும் முதல் தலைமுறைக் கலப்பினம்; அதன் பிள்ளைகள் தாயைப் போல இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. செண்டுமல்லியில் நாம் பூ என்பது ஒரு ஊர்வலம். ஒவ்வொரு ‘இதழும்’ அடியில் சூலோடு இருக்கும் தனிப்பூ, அதுவும் பெண்பூ. மகரந்தம் இருப்பது நடுவிலுள்ள குழாய் வடிவப் பூக்களில். முழு அடுக்குப் பூவில் நடுப்பூக்கள் இருக்காது. எனவே அதில் விதை பிடித்திருந்தால் தகப்பன் கண்டிப்பாக வெளியாள், பெரும்பாலும் தேனீக்குச் சுலபமாக இடம் கொடுக்கும் அந்த ஒற்றைப் பூதான்.

நிறம் மாறாமல் வேண்டும் என்றால் நகைக்கடையில் கொடுக்கும் சின்ன வலைப்பை போதும். கொசுவலைத் துண்டும் சரி. அந்திமந்தாரை மொட்டு விரிவதற்கு முன்னால், மத்தியானமே பையை மாட்டிச் சுருக்குக் கட்ட வேண்டும். மறுநாள் பூ சுருண்ட பிறகு பையை எடுத்துவிட்டு, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைக்கலாம். இப்படி நாலைந்து தலைமுறை செய்தால் ‘சுத்த மஞ்சள்’ என்று தைரியமாக எழுதலாம். அதன் விதை மிளகு போலவே இருப்பதால் ஓர் எச்சரிக்கை: அது விஷம். அஞ்சறைப் பெட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

காசித்தும்பைக்கு வேறு உபாயம். முற்றிய காயைத் தொட்டாலே வெடித்துச் சிதறிவிடும். கனகாம்பரத்தின் காய்ந்த காய் ஈரம் பட்டால் வெடிக்கும். நாம் பள்ளிக்கூட நாளில் தண்ணீரில் போட்டு வெடிக்கவிட்ட பட்டாசுக்காய் அதன் சொந்தக்காரன்தான். காய் பழுக்கத் தொடங்கும்போதே கதிரின் மேல் துணிப்பை கட்டுகிறவர்கள் தப்பித்தார்கள். ஆனால் செம்மஞ்சள் நிறத்தில் பெரிதாகப் பூக்கும் டெல்லி கனகாம்பரத்தில் விதைக்காகக் காத்திருப்பது வீண். அதன் குரோமோசோம்கள் மும்மடங்கு, விதை பிடிக்காது. குச்சி வாங்கி ஊன்ற வேண்டியதுதான்.

விதையை எடுத்தாகிவிட்டது. அடுத்த எதிரி ஈரம். பொட்டலத்துக்குள் இருப்பது தூங்கும் உயிர், மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஈரமும் சூடும் கூடினால் மூச்சும் வேகமெடுக்கும், சேமித்த உணவு கரையும். அமெரிக்க விதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாரிங்டன் இதற்கு ஒரு வாய்ப்பாடு சொன்னார். ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலை, சதவீதத்தில் காற்றின் ஈரப்பதம், இரண்டையும் கூட்டினால் 100-க்குள் இருக்க வேண்டும். சென்னையின் ஐப்பசி அடைமழைக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி செல்சியஸ் என்பது 86 ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 80, கூட்டினால் 166. சமையலறை அலமாரியில் வைத்த விதை அடுத்த ஆடியில் முளைக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஃப்ரிட்ஜில் 5 டிகிரி, அதாவது 41. காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொருள் போட்டு ஈரப்பதத்தை 30-க்கு இறக்கினால் 71. செருப்பு டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் போதும். இல்லாவிட்டால் வாணலியில் நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசி. டப்பாவை வெளியே எடுத்ததும் திறந்துவிடாதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் விதை மேல் வியர்க்காது.

முளைக்க வைப்பதில் பாதித் தோல்விக்குக் காரணம் பாசம். ஆழமாகப் புதைப்பது, அப்புறம் தண்ணீராகக் கொட்டுவது. பெட்டூனியா விதை ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட 10,000 இருக்கும், அத்தனை பொடி. கையிருப்பு உணவு கொஞ்சம் என்பதால் வெளிச்சம் பட்டால்தான் முளைக்கத் துணியும். தென்னைநார்க் கழிவின் மேல் தூவி, மண் மூடாமல் விட்டால் போதும். நித்தியகல்யாணி நேர்மாறு, அதற்கு இருட்டு வேண்டும். விதைக்குள் இருக்கும் வெளிச்ச ஸ்விட்சைக் கண்டுபிடித்த சோதனை 1952-ல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் நடந்தது. போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்டூஸ் கீரை விதை மேல் சிவப்பு ஒளியையும், கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத தொலைசிவப்பு ஒளியையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சினார்கள். எத்தனை முறை மாற்றினாலும் விதை கடைசியாகப் பார்த்ததை மட்டுமே கேட்டது. கடைசி ஒளி சிவப்பென்றால் முளைத்தது, தொலைசிவப்பென்றால் தூங்கியது. இலை நிழலில் தொலைசிவப்பு மிகுதி. மேலே வேறு செடி நிற்கிறது, இப்போது எழுந்தால் பிழைப்பில்லை என்று விதைக்குப் புரிந்துவிடுகிறது.

நாற்று வந்த பிறகு அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். குழித்தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

நான் கொடுத்த சங்குப்பூ விதை பெரியம்மாவிடம் மூன்று வாரம் கல்லாகக் கிடந்தது. பயறு வகையின் குணம் அது, தோல் தண்ணீரை உள்ளே விடாது. சிமெண்டுத் தரையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து ராத்திரி ஊறப்போட்டதும் நாலாம் நாள் முளைவிட்டது. தாமரைக்கு இதே பிடிவாதம் இன்னும் அதிகம். வடகிழக்குச் சீனாவில் வற்றிப்போன ஏரியின் அடியில் கிடைத்த தாமரை விதை ஒன்று சுமார் 1,300 ஆண்டு பழையது. ஜேன் ஷென்-மில்லரின் குழு ஓட்டை அராவி ஊறவைத்ததும் அது முளைத்தது. 1995-ல் அதை அறிவித்தார்கள்.

எல்லாருக்கும் கொடுக்கலாம், ஆனால் எல்லா விதையையும் கொடுக்கக் கூடாது. அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று முதுமலைக் காட்டை மூடிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து மகனோ மகளோ பெட்டியில் போட்டுவரும் விதைக்கும் அனுமதிச் சீட்டும் நோயில்லாச் சான்றும் கேட்கிறது சட்டம். அதில் நான் சட்டத்தின் பக்கம்.

மிச்சிகனில் 1879-ல் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் 21 வகைச் செடிகளின் விதைகளை, வகைக்கு 50 வீதம், மணலோடு கலந்து 20 புட்டிகளில் போட்டுப் புதைத்தார். எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்று பார்க்க. 2021-ல் ஒரு புட்டியைத் தோண்டினார்கள். வெளிச்சம் படக்கூடாது என்பதற்காக இருட்டில், திருடர்களைப் போல. 142 ஆண்டுக்குப் பிறகும் வெர்பாஸ்கம் என்ற மஞ்சள் பூச்செடி முளைத்தது. நாற்றுகளின் டி.என்.ஏ.வைப் பார்த்தபோது அவற்றில் ஒன்று கலப்பு. என்றோ ஒரு பூச்சி பக்கத்து இனத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது, பீலுக்கே தெரியாது.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு வேறு கவலை. “அந்தக் கோடு போட்டதுல விதை பிடிச்சிருக்கா? எனக்குப் பத்து எடுத்து வை.” எடுத்து மடித்தேன். மேலே என்ன எழுதுவது என்று யோசித்து, ‘அந்திமந்தாரை, கார்த்திகை, தாய்: மஞ்சளில் சிவப்புக் கோடு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

“அப்பன் பேர் எங்கே?”