ஒரு துளி இரத்தம்

பல்லாயிரம் குழந்தைகளுள் ஒன்றுக்கு வரும் நோய்க்காக எல்லாக் குழந்தைகளையும் சோதிப்பது தகுமா? தகும் என்று பல நாடுகள் உணர்ந்த வரலாற்றை இன்று காண்போம்.

நாம் உண்ணும் புரதத்திலிருந்து கிடைக்கும் பொருள்களுள் பினைலலனைன் ஒன்று. உடல் வளர்ச்சிக்கு அது ஓரளவு வேண்டும்; எஞ்சியதைக் கல்லீரலிலுள்ள ஒரு நொதி வேறு பொருளாக மாற்றிவிடும். பிறவியிலேயே அந்நொதி செவ்வனே இயங்காத குழந்தையின் இரத்தத்தில் பினைலலனைன் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கிறது. இதுவே பினைல்கீட்டோனூரியா என்னும் அரிய நோய். பிறந்தபோது குழந்தையிடம் குறை ஒன்றும் தோன்றாது. குறை வெளிப்படும்போதோ, மூளைக்கு நேர்ந்த கேட்டைப் பெரும்பாலும் மீட்க இயலாது.

1934-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஆஸ்பியோர்ன் ஃபோலிங், மனவளர்ச்சி குன்றிய உடன்பிறந்தார் இருவரின் சிறுநீரில் பெரிக் குளோரைடைக் கலந்தார். அது பச்சை நிறமாயிற்று. அதன் காரணத்தை ஆராய்ந்து அவர் இந்நோயைக் கண்டறிந்தார். 1953-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஹார்ஸ்ட் பிக்கல் என்பாரும் அவருடன் உழைத்தோரும், பினைலலனைன் குறைந்த உணவு பயன்தரும் எனக் காட்டினர். ஆனால் அவ்வுணவை மூளை கெடுமுன் தொடங்க வேண்டுமே! சிறுநீர்ச் சோதனையோ, பிறந்து சில வாரங்கள் கழிந்த பின்னரே நோயைக் காட்டும்.

இம்முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பணியாற்றிய ராபர்ட் கத்ரி. அவருடைய உறவினர் குழந்தை ஒன்றுக்கே இந்நோய் காலங்கடந்து அறியப்பட்டிருந்தது. குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தை அவர் வடிதாளில் உலர்த்தினார். அத்தாளின் சிறு வட்டத்தை, வளர்ச்சி தடுக்கப்பட்ட பாக்டீரியாக்கள் உள்ள கூழின்மேல் வைத்தார். இரத்தத்தில் பினைலலனைன் மிகுந்திருந்தால், அது தடையை வென்று பாக்டீரியாக்களை வளரச் செய்யும். வளர்ச்சியின் வட்டம் பெரிதாயின் நோய் ஐயத்திற்குரியது. செலவோ சிறிது, உலர்ந்த தாளை அஞ்சலிலும் அனுப்பலாம். 1963-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இச்சோதனையைச் சட்டமாக்கியது.

1990-களில், மூலக்கூறுகளை எடையால் பிரித்தறியும் டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ராமீட்டர் இப்பணிக்கு வந்தது. அது அதே உலர்ந்த குருதிப் புள்ளியிலிருந்து பற்பல பிறவி நோய்களின் அறிகுறியை ஒருங்கே காட்டவல்லது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. முதற்சோதனை ஐயத்தை எழுப்புமேயன்றி முடிவு கூறாது. மறுசோதனையே நோயை உறுதிசெய்யும். பின்னரும் பருப்பு, முட்டை, இறைச்சி போன்றவற்றை விலக்கி, தனியே செய்த புரத உணவை ஊட்டி, இரத்தத்தை அடிக்கடி அளந்து வரவேண்டும். 2021-இல் இந்திய அரசு வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையும், தனி உணவால் பேணத்தக்க நோய்களுள் இதனைச் சேர்த்துள்ளது.

கருவி நோயைக் காட்டும். குழந்தையைக் காப்பது, அதன் பின் தவறாது வந்து சேரும் உணவும் கண்காணிப்புமே. அறிவியல் பயிலும் நீங்கள், ஒரு கருவியைக் காணும்போது அதன் நுட்பத்தை மட்டும் வியவாதீர்கள். அது உரிய காலத்தில் எளியவன் வீட்டுக் குழந்தையையும் சென்றடைகிறதா என்று கேளுங்கள்.