இதயத்தின் செய்தியும் மின்வாயும்

மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், கட்டிலுக்கு அருகே உள்ள திரையில் ஒரு கோடு ஏறி இறங்கி ஓடிக்கொண்டே இருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். நோயாளியின் இதயம் எப்படித் துடிக்கிறது என்பதை அந்தக் கோடு காட்டுகிறது. எல்லோருடைய கண்ணும் திரையின் மேல்தான் இருக்கும். நோயாளியின் மார்பில் ஒட்டியிருக்கும் சிறிய வட்ட வில்லைகளை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஆனால், அந்த வில்லை சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் பொய் சொல்லும்! அதற்குத்தான் மின்வாய் என்று பெயர். மருத்துவமனையில் எலெக்ட்ரோடு என்பார்கள்.

இதயத்தில் மின்சாரமா?

ஆம். இதயம் ஒவ்வொரு முறை சுருங்குவதற்கு முன்பும் அதன் தசைகளில் ஒரு மின் அலை பரவுகிறது. நம் உடலில் உப்பு கலந்த நீர் நிறைந்திருப்பதால், அந்த அலையின் சாயல் தோல் வரை வந்து சேர்கிறது. அதன் அளவு சுமார் 1 மில்லிவோல்ட்தான். டார்ச் விளக்கில் போடும் மின்கலத்தின் அழுத்தம் இதைப் போல 1500 மடங்கு என்றால், இது எவ்வளவு மெலிந்த செய்தி என்று புரியும்.

1887-ல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர் மனித இதயத்தின் மின் அலையை உடலுக்கு வெளியிலிருந்தே பதிவு செய்து காட்டினார். தம்முடைய ஜிம்மி என்ற நாயின் கால்களை உப்பு நீரில் நிற்கவைத்தும் இதைச் செய்து காட்டினார். பின்னர் ஹாலந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐன்தோவன் மிக நுட்பமான கால்வனாமீட்டர் ஒன்றை அமைத்தார். அதன் எடை சுமார் 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்பு நீர் நிறைந்த பாத்திரங்களில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். இந்த ஆராய்ச்சிக்காக ஐன்தோவனுக்கு 1924-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த உப்பு நீர்ப் பாத்திரங்கள்தான் அன்றைய மின்வாய்கள். உப்பு நீர் எதற்கு? கம்பியைத் தோலில் நேரே கட்டிவிட்டால் போதாதா?

இரு மொழிகள்

கம்பியில் மின்சாரத்தைச் சுமப்பவை எலெக்ட்ரான்கள். உடலிலோ சோடியம், பொட்டாசியம், குளோரைடு போன்ற அயனிகள் சுமக்கின்றன. எலெக்ட்ரான் உடல் நீரில் நீந்தாது. அயனி கம்பிக்குள் நுழையாது. இரு மொழிக்காரர்களுக்கு இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் மின்வாய்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. எந்த உலோகமும் உப்பு நீரைத் தொட்டவுடன் அங்கே ஒரு மின்னழுத்தம் தோன்றிவிடும். எலுமிச்சம்பழத்தில் ஒரு செப்புக் கம்பியையும், துத்தநாகம் பூசிய ஓர் ஆணியையும் செருகி, மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 1 வோல்ட் காட்டும். பிறகு ஆணியை எடுத்துவிட்டு, அதே செப்புக் கம்பியின் இன்னொரு துண்டைச் செருகுங்கள். இப்போது அளவு பூச்சியத்தை ஒட்டி வந்துவிடும். இரண்டு முனைகளும் ஒரே வகையாக இருந்தால், ஒன்றின் அழுத்தத்தை மற்றது ஈடுசெய்துவிடுகிறது. ஒரே நோயாளிக்கு இரு வேறு வகை மின்வாய்களைக் கலந்து ஒட்டக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஏன் வெள்ளி?

இன்று பெரும்பாலான மின்வாய்களில் ஒரு மெல்லிய வெள்ளிப் பூச்சும், அதன்மேல் வெள்ளி குளோரைடும் இருக்கும். வெள்ளி ஒரு குளோரைடு அயனியைப் பிடித்துக்கொண்டால் வெள்ளி குளோரைடு ஆகிறது. ஓர் எலெக்ட்ரான் கம்பிக்குப் போகிறது. எலெக்ட்ரான் திரும்பி வந்தால் அயனி விடுபடுகிறது. இரு திசையிலும் இது எளிதாக நடப்பதால், செய்தி தடையின்றிக் கடக்கிறது.

துருப்பிடிக்காத எஃகில் இப்படி நடப்பதில்லை. மின்னூட்டம் எல்லையிலேயே தேங்கி நின்றுவிடும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மருத்துவர் மின் அதிர்ச்சி கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதயம் ஒழுங்காகத் துடிக்கத் தொடங்கியதா என்று அடுத்த சில வினாடிகளில் தெரிந்தாக வேண்டும். எஃகு மின்வாயில் தேங்கிய மின்னூட்டம் வடிவதற்குள் அந்த வினாடிகள் போய்விடும். வெள்ளி விரைவில் மீண்டுவிடும்.

தோல் என்னும் சுவர்

தோலின் மேற்பரப்பில் இறந்த செல்களாலான வறண்ட அடுக்கு ஒன்று இருக்கிறது. அது மின்சாரத்துக்குப் பெரிய தடை. அதனால் செவிலியர் ரோமம் அடர்ந்த இடத்தை மழித்து, சோப்பும் நீரும் கொண்டு துடைத்து, உலர்ந்த பஞ்சுத் துணியால் லேசாகத் தேய்த்த பிறகே மின்வாயை ஒட்டுவார். பச்சிளங் குழந்தையின் தோல் மிக மெல்லியது, அதைத் தேய்க்கக்கூடாது. வில்லையின் நடுவில் உள்ள பஞ்சில் உப்புக் கூழ் ஊறியிருக்கும். ஐன்தோவனின் உப்பு நீர்ப் பாத்திரம் இப்படிச் சுருங்கிவிட்டது! பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டால் கூழ் காய்ந்துபோகும். காய்ந்த மின்வாய் பயன்படாது.

எங்கே ஒட்டுவது என்பதும் முக்கியம். தசைகளும் மின் அலைகளை உண்டாக்குகின்றன. ஆகவே, அதிகம் அசையும் தசையின் மேல் ஒட்டக்கூடாது. வலக் கைக் கம்பியையும் இடக் கைக் கம்பியையும் மாற்றிப் பொருத்தினால் கோடு தலைகீழாகி, இல்லாத நோயைக் காட்டும். தொடர்பு சரியில்லாவிட்டால், சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் கோட்டில் புகுந்து நடுங்கவைக்கும்.

பொய் மணி

நோயாளி பல் துலக்கும்போது கை ஆடுவதால், ஆபத்தான இதயத் துடிப்பைப் போன்ற அலைகள் திரையில் தோன்றுவதுண்டு. மின்வாய் கழன்றுவிட்டால், நன்றாக இருப்பவருக்கும் நேர்கோடு வரும். உடனே எச்சரிக்கை மணி அடிக்கும். பொய் மணி அடிக்கடி அடித்தால் என்ன ஆகும்? 'புலி வருது' கதைதான்! உண்மையான மணி அடிக்கும்போது ஓடிவர வேண்டியவரின் கால்கள் தயங்கும். எனவேதான் பல மருத்துவமனைகளில் மின்வாய்களைத் தினமும் மாற்றுகிறார்கள். மணி அடித்தால் திரையை மட்டும் நம்பாமல், முதலில் நோயாளியைப் பார், நாடியைத் தொட்டுப் பார் என்று மாணவ மருத்துவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

இன்று சில கைக்கடிகாரங்களும் இ.சி.ஜி. எடுக்கின்றன. அவற்றில் ஒரு மின்வாய் மணிக்கட்டைத் தொடுகிறது; மற்றதை எதிர்க் கையின் விரலால் தொட வேண்டும். கூழின் வேலையை வியர்வையின் ஈரம் செய்கிறது. துடிப்பின் ஒழுங்கை அறிய இது உதவும். ஆனால், 10 மின்வாய்களை ஒட்டி 12 கோணங்களில் எடுக்கும் இ.சி.ஜி.க்கு இது ஈடாகாது. மாரடைப்பைக் கண்டறிய இதை நம்பியிருக்கக்கூடாது.

ஓர் எச்சரிக்கை: எலுமிச்சம்பழச் சோதனையை வீட்டில் செய்யலாம். ஆனால், வீட்டு மின்சாரத்தில் ஓடும் எந்தக் கருவியின் கம்பியையும் உங்கள் உடலில் பொருத்திச் சோதிக்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.