கிரேக்கத் துன்பியல் நாடகத்தில் அறப்போராட்டம்: நியொப்டாலமஸின் நிலை

கிரேக்கத் துன்பியல் நாடகங்களைப் பற்றிப் பேச்செழும்போது இரு சொற்கள் எளிதில் நம் நாவில் வந்துவிடுகின்றன. ஒன்று விதி, மற்றொன்று தலைமகனின் குறை. உயர்ந்தோன் ஒருவனிடம் ஒரு குறை இருந்தது, அதனால் அவன் வீழ்ந்தான், அவ்வீழ்ச்சியும் முன்னரே விதிக்கப்பட்டது என்று கூறி முடித்துவிடுகிறோம். இவ்விளக்கம் தேர்வு எழுதுவோருக்கு வசதியானதே. எனினும் நாடகங்களை நேரே படிப்போர்க்கு இது பல இடங்களில் பொருந்துவதில்லை.

இக்குறை என்னும் கருத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, அரிஸ்டாட்டில் தம் கவிதையியலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் கையாளும் ஹமார்த்தியா என்ற சொல்லாகும். புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மொழியில் பயின்றோர்க்கு இச்சொல் புதிதன்று. அங்கு அதைப் பாவம் என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் பவுல் தரும் பொருளை அரிஸ்டாட்டிலின் நூலுக்குள் கொண்டுசெல்வது பொருந்தாது. தீயொழுக்கத்தால் வீழ்பவனை விலக்கிய பின்னரே அவர் இச்சொல்லை எடுக்கிறார். குறி தவறுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். இயல்பில் உறைந்த குறை என்பதைவிட, செயலில் நேர்ந்த பெரும் பிழை என்று கொள்வதே அவர் கருத்துக்கு அணித்தாகும். ஒருவனுடைய பண்பு அவன் செய்யும் தேர்விலே வெளிப்படுகிறது என்பதும் அந்நூலின் ஆறாம் அதிகாரத்தில் அவர் கூறுவதே. எனவே, மாந்தரின் குணங்களைப் பட்டியலிடுவதை விடுத்து, அவர்கள் எங்கே, எதைத் தேர்ந்துகொள்கின்றனர் என்று நோக்குவோமாக.

அறப்போராட்டத்துக்கு எடுத்துக்காட்டாக யாவரும் சோபோக்கிளீஸின் 'அன்டிகனி' நாடகத்தையே சுட்டுவர். ஒரு நியாயம் மற்றொரு நியாயத்துடன் மோதுவதே துன்பியல் என்று ஹெகல் அதனை விளக்கினார். அங்கு மோதல் இருவருக்கிடையே நிகழ்கிறது. அன்டிகனியோ கிரெயோனோ தொடக்கத்தில் ஐயுறுவதில்லை. ஒரே நெஞ்சினுள் நிகழும் போராட்டத்தைக் காண விரும்புவோர், அதே ஆசிரியர் எண்பத்தைந்து வயதைக் கடந்த பின் அரங்கேற்றிய 'பிலொக்டீட்டஸ்' நாடகத்துக்குச் செல்லவேண்டும். கி.மு. 409இல் ஏதென்ஸ் நகரில் அது முதற்பரிசு பெற்றது.

கதை இதுவே. டிராய் நகரை நோக்கிச் சென்ற கிரேக்கப் படையில் பிலொக்டீட்டஸ் என்னும் வீரன் இருந்தான். குறி தவறாத அம்புகளையுடைய ஹெராக்ளீஸின் வில் அவனிடம் இருந்தது. வழியிலே பாம்பு கடித்து அவன் காலில் ஆறாத புண் உண்டாயிற்று. புண்ணின் நாற்றத்தையும் அவனது ஓலத்தையும் தாங்கமாட்டாமல், படைத்தலைவர்களின் கட்டளைப்படி ஒடிசியூஸ் அவனை லெம்னோஸ் தீவில் விட்டுச் சென்றான். போரின் பத்தாம் ஆண்டில், பிலொக்டீட்டஸும் அவன் வில்லும் வராமல் டிராய் வீழாது என்று குறிசொல்வோன் ஒருவன் அறிவித்தான். யாரைக் குப்பையென எறிந்தனரோ அவனைத் தேடி இப்போது வரவேண்டியதாயிற்று.

எஸ்கிலஸும் யூரிப்பிடீஸும் இக்கதையை முன்னரே நாடகமாக்கியிருந்தனர். அவை கிடைக்கவில்லையாயினும், அவற்றைப் படித்த டியோ கிறிசொஸ்தோம் மூன்றையும் ஒப்பிட்டு எழுதியுள்ளார். அதிலிருந்து சோபோக்கிளீஸ் செய்த இரு மாற்றங்கள் விளங்குகின்றன. மற்றவர்களின் லெம்னோஸில் மக்கள் வாழ்ந்தனர். இவரோ அதனை ஆளற்ற தீவாக்கினார். மற்றவர்களின் கதையில் இடம்பெறாத நியொப்டாலமஸ் என்னும் இளைஞனை ஒடிசியூஸுடன் அனுப்பினார். இவ்விளைஞன் இறந்துபோன அக்கிலீஸின் மகன். உள்ளத்தில் ஒன்றை மறைத்து வாயால் வேறொன்று கூறுவோனை வெறுப்பதாக இலியத்தின் ஒன்பதாம் காண்டத்தில் அக்கிலீஸ் கூறியது ஒடிசியூஸை நோக்கியே என்பதை ஏதென்ஸ் மக்கள் அறிவர். அத்தகையவனின் மகனையே பொய்யுரைக்கப் பழக்க ஒடிசியூஸ் அழைத்து வந்திருக்கிறான்!

ஒடிசியூஸைக் கயவன் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது நாடகத்தின் கூர்மையை மழுக்கிவிடும். அவன் தனக்கென எதையும் கேட்கவில்லை. வலிமையால் பிலொக்டீட்டஸை வெல்ல இயலாது. அவன் அம்புகள் தவறா. வேண்டிக்கொண்டாலும், கைவிட்டோரின் சொல்லை அவன் கேளான். எஞ்சியிருப்பது வஞ்சகமே. ஒரு நாளின் சிறு பகுதிக்கு மட்டும் நாணத்தை விட்டுவிடு, அதன்பின் என்றும் நல்லவனாக வாழலாம் என்பது அவனது அறிவுரையின் சாரம். தீய வழியில் வெல்வதைவிட நேரிய வழியில் தோற்பதே மேல் என்று முதலில் மறுக்கும் இளைஞன், டிராயை வென்ற புகழ் தனக்கே உரியதாகும் என்று கேட்டவுடன் இணங்குகிறான். இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். அவனை வீழ்த்தியது பொதுநலம் பற்றிய வாதம் மட்டுமன்று. அதனுடன் கலந்து வந்த புகழாசையும் ஆகும். சிசிலிப் படையெடுப்பு கி.மு. 413இல் பேரழிவில் முடிந்ததையும், கி.மு. 411இல் குடியாட்சி கவிழ்க்கப்பட்டதையும் கண்ட மக்கள் இக்காட்சியைப் பார்த்தனர். நாட்டின் நன்மைக்காக என்ற சொல் அவர்கள் செவிக்குப் புதிதாக இருந்திராது.

வஞ்சகம் நன்றாகவே பலிக்கிறது. பத்தாண்டுகளுக்குப் பின் தாய்மொழியைக் கேட்ட பிலொக்டீட்டஸ் மகிழ்ச்சியால் உருகுகிறான். இரு வாயில்களுடைய குகை, இலைப் படுக்கை, செம்மையற்ற மரக்குவளை, சீழ்படிந்து உலரும் கந்தல்கள் என அவன் வாழ்வை ஆசிரியர் நமக்குக் காட்டிவிட்டார். மகனே, மகனே என்று அழைத்து, தன்னை ஊருக்குக் கொண்டுசெல்ல மன்றாடுகிறான். நோய் வந்து தாக்கும்போது, தான் தேறும்வரை காத்து வைக்கும்படி வில்லை இளைஞனிடமே ஒப்படைத்துவிட்டு மயங்கி உறங்குகிறான். வந்த காரியம் முடிந்தது, கப்பல் காத்திருக்கிறது, புறப்படு என்று உடன்வந்தோர் தூண்டுகின்றனர். நியொப்டாலமஸோ அசையவில்லை.

அவனை மாற்றியது ஒரு கொள்கையன்று. வேதனையில் துடிக்கும் மனிதனருகே நிற்க நேர்ந்ததும், அம்மனிதன் தன்மேல் வைத்த நம்பிக்கையுமே அவனை மாற்றின. பிலொக்டீட்டஸ் விழித்ததும் உண்மையைச் சொல்லிவிடுகிறான். ஆனால் வில்லைத் திருப்பிக் கொடுக்க அவனால் இயலவில்லை. மேலதிகாரிகளுக்குக் கீழ்ப்படியும் கடமையை எடுத்துச் சொல்கிறான். ஒப்புக்கொள்வது வேறு, ஈடுசெய்வது வேறு என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய நாடகம் வேறொன்றை நாம் அறியோம். வில்லின்றிப் பறவையை வீழ்த்த முடியாத பிலொக்டீட்டஸ் பட்டினியால் மாள்வான் என்பதை அறிந்தும், ஒடிசியூஸுடன் கப்பலுக்குச் செல்கிறான். பின்னரே, ஒடிசியூஸ் வாளைக் காட்டி அச்சுறுத்தியும் கேளாமல் திரும்பிவந்து, வில்லை உரியவன் கையில் கொடுக்கிறான்.

இத்துடன் நாடகம் முடிந்திருந்தால் நல்ல நீதிக்கதையாக அமைந்திருக்கும். சோபோக்கிளீஸ் அவ்வளவில் நிறுத்தவில்லை. இப்போது நியொப்டாலமஸ் உண்மையையே பேசி வேண்டுகிறான்: டிராய்க்கு வந்தால் உன் புண் ஆறும், புகழும் கிட்டும். இது முழுவதும் மெய். ஆயினும் பிலொக்டீட்டஸ் இணங்கவில்லை. இளைஞனின் நல்லெண்ணத்தை அவன் நம்பத் தொடங்கிவிட்டான். ஆயினும் தன்னைக் கைவிட்டோர் மீண்டும் தீங்கிழைப்பார்கள் என்னும் அச்சம் அவனை விடவில்லை. முதலில் உரைத்த பொய், பின்னர் வந்த மெய்யின் வலிமையைக் கெடுத்துவிட்டது. மேலும், தானே விரும்பிப் பற்றிக்கொள்ளும் துன்பத்துக்கு இரக்கம் உரியதன்று என்று நியொப்டாலமஸ் அவனைக் கண்டிக்கும்போது, கொடுமைக்கு ஆளானவனும் தன் வெறுப்பின் கைதியாகலாம் என்பதைக் காண்கிறோம். எனினும் அக்கண்டனத்துக்குப் பின்னும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. முன்பு பொய்யாகச் சொன்னபடியே, ஊருக்கு அழைத்துச் செல்ல இப்போது மெய்யாகவே இசைகிறான். தன் புகழையும் படையின் வெற்றியையும் ஒருங்கே துறந்து, நொண்டி நடப்பவனுக்குத் தோள்கொடுத்துப் புறப்படுகிறான்.

அப்போது தெய்வநிலை பெற்ற ஹெராக்ளீஸ் தோன்றி, இருவரையும் டிராய்க்குச் செல்லப் பணிக்கிறார், பிலொக்டீட்டஸ் பணிகிறான். மனிதரால் அவிழ்க்க முடியாத சிக்கலைத் தெய்வம் வந்து அறுப்பது செயற்கையானது என்று சிலர் குறைகூறுவர். ஆனால் தேர்வு அனைத்தும் அதற்குள் முடிந்துவிட்டது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. மூன்றே நடிகர்கள் என்ற மரபின்படி, சற்றுமுன் ஒடிசியூஸாக நின்ற நடிகரே இப்போது ஹெராக்ளீஸாகத் தோன்றியிருக்கவேண்டும் என்பதும் சிந்திக்கத்தக்கது. ஒடிசியூஸ் வேண்டிய முடிவே இறுதியில் நிறைவேறுகிறது. அவன் வகுத்த வழியால் மட்டும் அது நிறைவேறவில்லை.

ஹெராக்ளீஸ் விடைபெறுமுன் ஓர் எச்சரிக்கையையும் விடுக்கிறார். நகரைக் கைப்பற்றும்போது தெய்வங்களுக்குரியவற்றை மதித்து நடவுங்கள் என்பதே அது. டிராய் வீழ்ந்த இரவில், பலிபீடத்தில் அடைக்கலம் புகுந்திருந்த முதிய அரசன் பிரியாமை இதே நியொப்டாலமஸ் கொன்றான் என்பது, அரங்கில் அமர்ந்திருந்தோர் அனைவரும் முன்னரே அறிந்த கதை.