பூசணம் செய்யும் வெள்ளித்துகள்

வாழையை வாட்டும் வாடல் நோயைப் பற்றிக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்நோய்க்குக் காரணம் பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்னும் பூசண இனத்தின் ஒரு வகையாகும். பயிருக்குப் பகையான இவ்வினமே ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளியை நுண்துகளாக்கித் தருகிறது. புனேயிலுள்ள தேசிய ரசாயன ஆராய்ச்சிக்கூடத்தார் 2003ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர்.

செய்முறை எளிது. பூசணத்தைச் சத்துநீரில் வளர்த்து, அதன் இழைகளைக் கழுவி, வெள்ளியுப்பு கரைந்த நீரில் இட்டு வைப்பர். சில நாட்களில் நீர் பழுப்பு நிறம் அடையும். பூசணத்திலிருந்து கசியும் பொருள்கள் கரைந்த வெள்ளியை உலோகமாக மாற்றுவதே இதற்குக் காரணம். பூசணத்தின் புரதங்கள் துகள்களைப் போர்த்து, அவை திரண்டுவிடாமல் காக்கின்றன. ஒரு துகளின் குறுக்களவு 5 முதல் 15 நானோமீட்டர்; ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் வருவது ஒரு நானோமீட்டர்.

இத்துகள்கள் பாக்டீரியாக்களின் மேற்சவ்வில் ஒட்டி அதனைச் சிதைக்கின்றன. மேலும், அவற்றினின்று சிறிது சிறிதாகக் கரையும் வெள்ளி, உயிரணுவின் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றி அவற்றின் வேலையைத் தடுக்கிறது. பயிர்நோய்ப் பூசணங்கள் சிலவும் சோதனைத் தட்டுகளில் இவற்றால் வளர்ச்சி குன்றுகின்றன.

தட்டு வேறு, வயல் வேறு. மண்ணிலும் நீரிலுமுள்ள குளோரைடு, கந்தகப் பொருள்கள் வெள்ளியைப் பிணித்து அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். எஞ்சிய வீரியமோ நன்மை தீமை அறியாது; அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் மண்ணுயிர்கள் வெள்ளிக்கு எளிதில் நலிவுறும். நீர்நிலைகளில் கலப்பின் மீன்களுக்கும் கேடு உண்டு. பிரேஸில் நாட்டு ஆராய்ச்சியாளர் 2007ஆம் ஆண்டில் இத்துகள்களைப் பருத்தித் துணியில் ஏற்றிக் கிருமிகளைத் தடுத்தபோது, துணி கழுவிய நீரையும் சும்மா விட்டுவிடவில்லை. வேறொரு பாக்டீரியாவைக் கொண்டு அதிலிருந்த வெள்ளியை நீக்கினர். வயலில் தெளித்ததை அவ்வாறு திரும்ப எடுக்க வழியில்லை.

ஆதலால் இத்துகள் கலந்த நீரை மருந்தென்று எவரேனும் விற்க வரின், எப்பயிரில், எம்மண்ணில், எத்தனை பருவம் சோதிக்கப்பட்டது என்று கேட்டறிதல் வேண்டும். வாழை வாடலுக்கு நோயற்ற கன்றைத் தேர்ந்து நடுதலும், நோயுற்ற மரத்தைக் கிழங்கோடு அகற்றி அழித்தலும், அக்குழியின் நீர் அடுத்த மரத்துக்குப் பாயாமல் தடுத்தலும் முதற்காரியங்கள். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் ஆகியவற்றைத் தொழுவுரத்துடன் கலந்து இடுவோர், அதே குழியில் வெள்ளித்துகள் நீரை ஊற்றலாகாது; இட்ட நல்லுயிர்களையே அது முதலில் கொல்லக்கூடும்.