தாத்தாவின் மூக்குக் கண்ணாடி கல்லா, கண்ணாடியா?

தஞ்சை வட்டாரத்துப் பழைய வீடுகளில் பரணிலிருந்து பெட்டியை இறக்கினால், வெற்றிலைச் செல்லத்தோடு ஒரு மூக்குக் கண்ணாடியும் கிடைப்பதுண்டு.

"அது வல்லத்துக் கல். விலைமதிப்பே கிடையாது" என்பார் பாட்டி.

"வெறும் கண்ணாடிச் சில்லு. நூறு ரூபாய் தருகிறேன்" என்பார் பழைய சாமான் வாங்க வருகிறவர்.

யார் சொல்வது சரி? பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

வல்லத்துக் கல்

காவிரி பாயும் வயல்களில் வண்டல் மண்தான் உண்டு, கல் கிடையாது. ஆனால் தஞ்சாவூரிலிருந்து திருச்சி செல்லும் சாலையில், 10 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள வல்லம், செம்மண் மேட்டில் அமைந்த ஊர். அங்கே சரளைக் கற்களுக்கிடையே பளபளப்பான ஸ்படிகக் கற்கள் கிடைத்தன. ஸ்படிக மாலை செய்யும் அதே வகைக் கல்தான். அதைத் தேய்த்து, மெருகேற்றி, மூக்குக் கண்ணாடிக்கு வில்லைகள் செய்தார்கள். வல்லத்தின் பெயர் இதனால் வெளியூர்களிலும் பரவியது.

கல் வில்லைக்கு மதிப்பு ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. பொருள்களின் கடினத்தை அளக்க ஜெர்மானியரான மோஸ் என்பவர் 1812-ல் ஓர் அளவு வகுத்தார். அதில் வைரம் 10. ஸ்படிகம் 7. சாதாரணக் கண்ணாடி சுமார் 5½. ஆகவே கல் வில்லையில் எளிதில் கீறல் விழாது. ஆனால் அதைத் தேய்த்து எடுப்பதும் அந்த அளவுக்குக் கஷ்டமான வேலை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வில்லையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கல், உடம்பின் சூட்டைக் கண்ணாடியைவிட வேகமாக இழுத்துக்கொள்ளும். அதனால் அதிகமாகச் சில்லிடும்.

அடுத்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். உள்ளே உருண்டையான சிறு குமிழிகள் தெரிந்தால் அது உருக்கி வார்த்த கண்ணாடி. கல்லில் நூல் போன்ற கோடோ, மெல்லிய புகைத் திரை போன்ற மங்கலோ இருக்கலாம்.

மூன்றாவது சோதனைதான் உறுதியானது. அமெரிக்கரான எட்வின் லேண்ட் 1929-ல் உருவாக்கிய போலராய்டு தகடு, இப்போது சில வகைக் குளிர்கண்ணாடிகளில் இருக்கிறது. அப்படி இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, ஒன்றைத் திருப்பினால் இருட்டாகிவிடும். அந்த இருட்டுக்கு நடுவே பழைய வில்லையை நுழையுங்கள். கல்லாக இருந்தால் ஒளியோ நிறங்களோ தெரியும். சாதாரணப் பழங்கண்ணாடி என்றால் இருட்டு மாறாது. பிளாஸ்டிக் வில்லையிலும் நிறம் தெரியலாம். ஆனால் அது எடை குறைவு; சில்லிடாது.

கீறிப் பார்க்கும் சோதனை மட்டும் வேண்டாம். பொருள் பாழாகிவிடும்.

விலை என்ன?

ஸ்படிகம் வைரமல்ல. பூமியில் ஏராளமாகக் கிடைக்கும் கல். எனவே கல்லுக்காக மட்டும் பெருந்தொகை கிடைக்காது. இரண்டு வில்லைகளும் ஜோடியாக இருக்கின்றனவா, விளிம்பு உடையாமல் இருக்கிறதா, பழைய கூடு உண்டா என்று பார்த்துத்தான் விலை சொல்வார்கள். சட்டம் தங்கமோ வெள்ளியோ ஆனால் அதற்குத் தனி மதிப்பு. ஆனால் தங்கத்துக்காக வில்லையைக் கழற்றி எறிந்துவிட்டால், கைவேலையின் அடையாளமே போய்விடும்.

கண்ணுக்குக் குளிர்ச்சியா?

"கல் கண்ணாடி கண்ணுக்குக் குளிர்ச்சி, பார்வை திரும்பும்" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. இதை நம்பக்கூடாது. கல் சில்லிடுவது தொட்டால்தான். மூக்குக் கண்ணாடி கண்ணைத் தொடுவதில்லையே! மேலும், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களைக் கண்ணாடி ஓரளவு தடுக்கும். ஸ்படிகமோ அவற்றை உள்ளே விட்டுவிடும்.

நாற்பது வயதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்கு அவரவர் கண்ணுக்கு அளந்த கண்ணாடி வேண்டும். தாத்தாவின் கண்ணுக்குச் செய்தது பேரனுக்குப் பொருந்தாது. கண்புரை வந்தவருக்கோ எந்தக் கண்ணாடியும் போதாது. டாக்டரிடம்தான் போக வேண்டும். "கல் கண்ணாடி இருக்கிறதே" என்று நாளைக் கடத்தினால் நஷ்டம் பார்வைக்குத்தான்.

பாட்டி சொன்னதில் பாதி உண்மை. அந்தக் கண்ணாடியைச் சில்லறைக்கு விற்றுவிட வேண்டாம். துடைத்து, துணியில் சுற்றி, அணிந்தவரின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கூட்டில் வையுங்கள். பிறகு பாட்டியைக் கண் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.