சரக்கு போனால் வாங்கலாம், கணக்கு போனால்?

சரக்கு, கணக்கு, கைப்பணம், வரத்து என்ற நான்கு கால்களில் நமது கடைகள் நிற்கின்றன. இந்த நான்குக்கும் அண்மைக் காலத்தில் சோதனை வந்ததை வணிகர்களாகிய நாம் அனைவரும் அறிவோம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டப் பெருமழை. அப்போது காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது.

இத்தகைய இடர்களைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் இடர் வந்த பின் எத்தனை நாளில் கடையைத் திறக்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

பாலிசித் தொகை சரிதானா?

தீபாவளி, பொங்கல் வியாபாரத்துக்காகக் கிட்டங்கி நிறையும் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. அதாவது, சரக்கு அதிகம் இருக்கும் நேரமே ஆபத்து அதிகமான நேரம். நம்மில் பலர் வங்கிக் கடன் தொகைக்கு மட்டும் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். இதில் ஒரு கணக்கு இருக்கிறது.

கடையில் 10 லட்சம் ரூபாய் சரக்கு. பாலிசி 5 லட்சத்துக்கு. மழையில் 4 லட்சம் ரூபாய்ச் சரக்கு நாசமாகிறது. பாலிசிக்குள் அடங்கும் தொகைதானே, 4 லட்சமும் கிடைக்கும் என்று எண்ணுகிறோம். கிடைப்பது 2 லட்சமே! சரக்கில் பாதிக்குத்தான் காப்பீடு என்பதால் நஷ்டத்திலும் பாதிதான் தருவார்கள்.

மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள நிறுவனங்களுக்கென 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி நடைமுறையில் உள்ளது. தீயோடு புயல், வெள்ளத்துக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. காப்பீட்டுத் தொகை 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் பிடித்தம் கிடையாது. அதற்கு மேல் குறைந்தால் மேற்சொன்ன கணக்குதான்.

கணக்கே சாட்சி

நனைந்த மூட்டையைப் பார்த்து மட்டும் யாரும் பணம் தரமாட்டார்கள். கொள்முதல் பில், இருப்புப் பதிவேடு, விற்பனைக் கணக்கு ஆகியவற்றைச் சர்வேயர் கேட்பார். அவையும் சரக்கோடு நனைந்துவிட்டால் எதைக் காட்டுவது? வாடிக்கையாளர் கடன் நோட்டு கரைந்துவிட்டால் வரவேண்டிய பாக்கியும் கரைந்ததுதான். அத்துடன், நாசமான சரக்குக்கு நாம் எடுத்த உள்ளீட்டு வரி வரவை ஜி.எஸ்.டி. சட்டப்படி திருப்பிக் கட்டவேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை

1. புரட்டாசியிலேயே இருப்பெடுத்து, பண்டிகைச் சரக்கின் முழு மதிப்புக்குப் பாலிசித் தொகையை உயர்த்துங்கள்.

2. வாரம் ஒருமுறை கடன் நோட்டையும் பில்களையும் செல்போனில் படம் எடுத்து, வேறொரு ஊரில் உள்ள உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். கணினிக் கணக்கின் நகல் கடைக்கு வெளியே இருக்கட்டும்.

3. சேதம் நேர்ந்தால் உடனே இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். படம் எடுக்காமல், சர்வேயர் பார்க்காமல் சரக்கை அப்புறப்படுத்தாதீர்கள்.

4. 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாட்களில் யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் நாடு முழுவதும் தடைபட்டது. எனவே கல்லாவில் சில்லறையும், கைவசம் ஒரு வாரக் கொள்முதலுக்கான ரொக்கமும் வைத்திருங்கள்.

5. 2020 மே 5 முதல் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்த கடைக்காரர்கள் திண்டாடினார்கள். வேறு ஊர் மண்டி ஒன்றிலும் சிறிதளவாவது கொடுக்கல் வாங்கல் இருக்கட்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பாலிசிக் காகிதத்தை இன்றே எடுத்து, அதிலுள்ள தொகையையும் கடையிலுள்ள சரக்கையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.